மயிலுக்கு என்ன அர்த்தம்? பரோக் காலச் செதுக்குப் படங்களை வாசிக்கும் விதம்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. 1646-இல் ரோமில் அச்சான ஒரு லத்தீன் புத்தகத்தின் முகப்புப் படத்தை அவர் பார்த்திருக்கிறார். இரட்டைத் தலைக் கழுகின் மேல் ஓர் ஆண், மயில்களின் மேல் ஒரு பெண், மேகத்துக்குள்ளிருந்து நீளும் கைகள், விரித்த புத்தகங்கள், ஒரு கண். மயிலை ஒரு குறியீட்டு அகராதியில் தேடினால் 'அழியா வாழ்வு' என்று வருகிறதாம், இன்னொன்றில் 'ஆணவம்'. "இரண்டில் எது சரி? இதற்கெல்லாம் அன்றைக்கு உண்மையிலேயே அர்த்தம் இருந்ததா, இல்லை பிற்காலத்தவர் ஏற்றிச் சொல்வதா?" என்கிறார்.

அர்த்தம் இருந்தது. சில படங்களில் அளவுக்கு மிஞ்சியே இருந்தது. ஆனால் அகராதியைத் திறந்த இடத்திலேயே அவருக்கு வழி தவறிவிட்டது. தமிழில் 'மாலை' என்று தனியாக எழுதிக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் என்ன சொல்வோம்? 'மாலை வந்தான்' என்றால் பொழுது. 'மாலை வாங்கினான்' என்றால் பூ. 'மாலை போட்டிருக்கிறான்' என்றால் சபரிமலை விரதம். பரோக் காலத்து, அதாவது ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பாவின், செதுக்குப் படம் (செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது) ஒரு நீண்ட வாக்கியம் மாதிரி. அதில் மயில் ஒரு சொல். அது எதன் பக்கத்தில் நிற்கிறது, அதன் மேல் எங்கிருந்து வெளிச்சம் விழுகிறது, அந்தப் புத்தகம் யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பொருள் பிடிபடும்.

சரி, அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகம் அத்தனேசியஸ் கிர்ஷர் எழுதிய 'ஒளியும் நிழலும் குறித்த பெருங்கலை'. கிர்ஷர் ஜெர்மனியில் பிறந்தவர், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு. ரோமில் அந்தச் சபையின் கல்லூரியில் இருந்தவர். எகிப்திய எழுத்து முதல் எரிமலை வரை எழுதாத விஷயம் கிடையாது. இந்தப் புத்தகம் கண்ணாடிகள், சூரியக் கடிகாரங்கள், நிழல்கள், ஒளிச்சிதறல் எல்லாவற்றையும் பேசுவது. முகப்பைச் செதுக்கியவர் பியேர் மியோட்.

படத்தின் உச்சியில் கடவுளின் பெயர் எபிரேய எழுத்தில் ஒளிவட்டத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் வானதூதர் கூட்டம். கடவுளை உருவமாக வரையாமல் பெயராக எழுதுவது அந்தக் காலத்தில் பரவலான வழக்கம். அதற்குக் கீழே ஒருபுறம் சூரியன், அப்போலோ வடிவில். உடம்பெங்கும் ராசிச் சின்னங்கள். மறுபுறம் நிலவு, டயானா வடிவில், உடலெல்லாம் நட்சத்திரங்கள். சூரியனுக்குக் கழுகு, நிலவுக்கு மயில்.

ஆனால் கண்ணை முதலில் இழுக்கும் இந்தப் பெரிய உருவங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மூலைகளைப் பாருங்கள். படத்தின் வாதம் அங்கேதான் இருக்கிறது. நான்கு இடங்களில் சின்ன எழுத்தில் நான்கு பெயர்கள். மேலே ஒருபுறம் 'புனித அதிகாரம்', அதாவது வேதமும் திருச்சபையின் போதனையும்: மேகத்திலிருந்து வரும் கை, தெய்வ ஒளியில் ஒரு புத்தகத்தில் எழுதுகிறது. மறுபுறம் 'அறிவு', அதாவது பகுத்தறிவு: அதுவும் ஒரு கையும் புத்தகமும்தான், கூடவே ஒரு கண். கீழே 'புலன்': ஒரு தொலைநோக்கி, அதன் வழியாக வரும் சூரியப் பிம்பம் தாளில் விழுகிறது. இன்னொரு மூலையில் 'உலகியல் அதிகாரம்', அதாவது வேதத்துக்கு வெளியே உள்ள நூலாசிரியர்களின் கூற்று: அங்கே வானத்து ஒளியே கிடையாது, ஒரு கைவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு புத்தகம்.

இப்போது ஒளியை மட்டும் பின்தொடருங்கள். உச்சியிலிருந்து கீழே வர வர அது தரம் குறைந்துகொண்டே வருகிறது. வேதத்துக்கு நேரடி ஒளி. அறிவுக்கு அதற்கு அடுத்த படி. புலனுக்குக் குழாய் வழியாக வடிந்து வரும் ஒளி. பழைய நூல்களுக்கு மனிதன் கொளுத்திய விளக்கு. மனிதனுக்கு அறிவு எந்தெந்த வழியில் வருகிறது, எதை எவ்வளவு நம்பலாம் என்ற தரவரிசை இது. ஒளியைப் பற்றிய புத்தகத்தில் அந்த ஒளியையே அளவுகோலாக வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது தொலைநோக்கிக்குக் கிடைத்த இடம். கலிலேயோ மீதான விசாரணை நடந்தது 1633-இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, அதே ரோமில், ஒரு குருவின் புத்தக முகப்பில் தொலைநோக்கி இருக்கிறது. அதுவும் பழைய ஆசிரியர்களின் கூற்றுக்கு மேலான தகுதியோடு. அதே சமயம் வேதத்துக்கும் பகுத்தறிவுக்கும் கீழே. துணிச்சலும் ஜாக்கிரதையும் ஒரே தாளில். இதை எந்தக் குறியீட்டு அகராதியும் சொல்லாது, ஏனென்றால் இது எந்த ஒரு பொருளுக்குள்ளும் இல்லை. நான்கு பொருள்களை எந்த வரிசையில் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

மயிலுக்கு வருவோம். நானும் முதன்முதலில் பார்த்தபோது 'ஆணவம்' என்று முடிவு கட்டியவன்தான். நிலவின் தெய்வம் ஆணவத்தின் மேல் ஏன் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. கிரேக்கக் கதையில் ஆர்கஸ் என்ற நூறு கண் காவலாளி செத்த பிறகு, அவன் கண்களை எடுத்து, தேவர்களின் அரசியான ஜூனோ தன் மயிலின் பீலியில் பதித்தாள். பீலி முழுக்கக் கண். இரவு வானம் முழுக்க நட்சத்திரம். அந்தப் பெண்ணின் உடம்பிலும் நட்சத்திரங்கள். பக்கத்தில் உள்ளவற்றோடு பொருந்தும் வாசிப்பு இதுதான். இன்னொரு அடுக்கும் உண்டு. புத்தகம், ஆஸ்திரியாவையும் புனித ரோமப் பேரரசையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து இளவரசருக்குக் காணிக்கை. இரட்டைத் தலைக் கழுகு அந்தப் பேரரசின் சின்னம் என்பது ஊரறிந்த விஷயம். ஆஸ்திரியாவின் பழைய அரச முத்திரையில் தலைக்கவசத்தின் மேல் மயிற்பீலிக் கொத்து இருக்கும். ஆக, வானத்துச் சூரிய சந்திரர் இருவரையும் ஒரே குடும்பத்தின் பறவைகள் தாங்குகின்றன. பணம் கொடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வணக்கம் வேண்டுமா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சமயப் படம் என்று தெரிந்ததும், அதில் உள்ள ஒவ்வொரு பிராணிக்கும் சமயப் பொருள் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: புரவலர் யார்? கிர்ஷருக்கு முன்பே, ஷைனர் என்ற இன்னொரு இயேசு சபைக் குரு சூரியப் புள்ளிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1630-இல் அச்சு முடிந்தது. அந்த முகப்பிலும் வேதம், அறிவு, புலன், உலகியல் நூல்கள் என்ற இதே நால்வகைப் பிரிவு உண்டு. கிர்ஷரின் படம் அதன் வழி வந்ததுதான். தொலைநோக்கி வழியாகச் சூரியனைத் தாளில் விழச்செய்து வரைவது ஷைனர் கையாண்ட முறை. அந்தப் புத்தகத்தின் முகப்பில் கரடிகள் இருக்கின்றன. சூரியனுக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. புரவலர் ஓர்சினி குடும்பத்துப் பிரபு. அந்தப் பெயரே கரடி என்ற சொல்லிலிருந்து வருவது. ரோஜாவும் அவர்கள் சின்னம். புத்தகத்தின் பெயரே 'ஓர்சினியின் ரோஜா' என்று பொருள்படும் லத்தீன்.

ரோமில் அச்சான படத்தில் மூன்று தேனீக்களைப் பார்த்தால், உழைப்பு, தேன், கன்னிமை என்றெல்லாம் போகுமுன் ஆண்டைப் பாருங்கள். 1623 முதல் 1644 வரை என்றால், எட்டாம் உர்பான் போப்பின் பார்பெரினி குடும்பச் சின்னமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து வந்த பத்தாம் இன்னசென்ட், பாம்ஃபிலி குடும்பத்தவர். அவர்கள் சின்னம் வாயில் ஒலிவக்கிளை கவ்விய புறா. இதுதான் விவகாரமான இடம். புறா பரிசுத்த ஆவிக்கும் சின்னம், நோவாவின் கதையில் சமாதானத்துக்கும் சின்னம். ரோமின் நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினி அமைத்த நான்கு நதி நீரூற்றில், 1651-இல் திறந்தது, எகிப்திய பாணித் தூணின் உச்சியில் ஒரு புறா உட்கார்ந்திருக்கிறது. அது பரிசுத்த ஆவியா, போப்பின் குடும்பமா? இரண்டும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி செய்வதே நோக்கம். அந்தத் தூணைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியவரும் நம் கிர்ஷரே.

கையோடு வரும் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதைக் காட்டி 'இல்லுமினாட்டி' என்று சொல்லும் வீடியோக்கள் உண்டு. அந்தச் சங்கம் பவேரியாவில் தொடங்கியது 1776-இல். படத்துக்கு 130 வருடம் பிந்தி. விடுங்கள்.

இனி வேறொரு வகைப் படம். கிர்ஷரின் முகப்பு அறிஞர்களுக்கு. இது வீட்டில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களுக்கு. ஹெர்மன் ஹூகோ என்ற இயேசு சபைக் குரு 1624-இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட 'பக்தி ஏக்கங்கள்' என்ற சின்னப் புத்தகம். போயேத்தியஸ் ஆ போல்ஸ்வெர்ட் செதுக்கிய படங்கள். மூன்று பகுதி, பகுதிக்குப் பதினைந்து, மொத்தம் 45. ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு வேத வசனம், ஒரு லத்தீன் கவிதை, அப்புறம் விளக்க உரை. படம், வசனம், கவிதை மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் அலகு. இணையத்தில் நமக்குக் கிடைப்பதோ படம் மட்டும், வெட்டி எடுத்தது. பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு அர்த்தம் தேடுகிறோம்.

இந்தப் புத்தகம் முழுக்க இரண்டே பாத்திரங்கள்: ஆன்மா ஒரு சிறுமி, தெய்வ அன்பு சிறகும் ஒளிவட்டமும் உள்ள ஒரு சிறுவன். பழைய ரோமானியக் காதல் தெய்வமான குட்டி க்யூபிட்டுக்கு ஒளிவட்டம் சூட்டி இயேசுவாக்கிவிட்டார்கள். ஆன்மா காதலி, இறைவன் காதலன். நாயகன் நாயகி பாவத்தில் ஊறிய நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும். அதனாலேயே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இவர்களுக்கு மூலம் விவிலியத்தின் உன்னதப்பாட்டு. அங்கிருந்து வரும் விளக்க மரபு வேறு.

மூன்றாம் பகுதியில் ஒரு படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு முழு எலும்புக்கூடு. அதன் விலா எலும்புகளுக்குள், சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் போல, அந்தச் சிறுமி. எலும்புக்கூடு என்றால் மரணம், 'நீயும் சாவாய்' என்ற எச்சரிக்கை என்றுதான் அகராதி சொல்லும். கீழே உள்ள வசனம் ரோமர் 7:24. பழைய தமிழ் வேதாகமத்தில்: "நிர்ப்பந்தமான மனுஷன் நான்! இந்த மரணசரீரத்தினின்று யார் என்னை விடுதலையாக்குவார்?" அதைப் படித்ததும் படம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே எலும்புக்கூடு வரப்போகும் சாவைக் காட்டவில்லை; இப்போது உயிரோடு இருக்கும் உடம்பையே காட்டுகிறது. பயமுறுத்தும் படமில்லை, ஏங்கும் படம். மண்டையோடு, மணல் கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி எல்லாம் வரும் வழக்கமான 'எல்லாம் மாயை' படங்களோடு இதைச் சேர்த்துவிட்டால் மொத்தமும் தவறிப்போகும்.

இன்னொன்று, புதிர்வழி. சுற்றிச் சுற்றிப் போகும் பாதைகளின் நடுவே சிறுமி யாத்திரிகர் வேடத்தில், கையில் கோலோடு நிற்கிறாள். தூரத்துக் கோபுரத்தின் மேலிருந்து தெய்வ அன்பு ஒரு கயிற்றை நீட்ட, மறுமுனை அவள் கையில். வசனம் சங்கீதம் 119:5, என் நடைகள் உம் கட்டளைகளின் வழியில் நிலைபெறாதா என்ற ஏக்கம். கிரேக்கக் கதை தெரிந்தவர்கள் உடனே அரியாட்னேயின் நூல் என்பார்கள். ஆமாம், செதுக்கியவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். புதிர்வழிக்குள் அரக்கனைக் கொல்லப் போன தீசியஸுக்கு அரியாட்னே கொடுத்த நூல் வாசலில் கட்டியது. வந்த வழியே திரும்பிப் போக உதவுவது. இங்கே கயிறு போய்ச்சேர வேண்டிய இடத்திலிருந்து வருகிறது. அவள் வந்த வழி அவளுக்குத் தேவையில்லை. ஒரு சின்னம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. எடுத்தவர் எதை மாற்றினார் என்றும் பார்க்க வேண்டும். மாற்றிய இடத்தில்தான் அவர் பேசுகிறார்.

அதே படத்தில் ஒரு குருடர், நாய் பிடித்து இழுக்கும் பக்கம் நடந்துபோகிறார். மற்றவர்கள் சிலர் விழுந்து கிடக்கிறார்கள். கண் தெரிந்தவன் விழ, நம்பி நடந்தவன் போய்க்கொண்டிருக்கிறான் என்று நான் வாசிக்கிறேன். இதற்கு மாற்று வாசிப்பும் சாத்தியம்தான்: குருடர் வெறும் எதிர்ச்சான்று, நாயை நம்பிப் போகிறவர். கயிறும் நாயின் வாரும் ஒரே மாதிரி கோடுகளாகச் செதுக்கப்பட்டிருப்பதால் நான் முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறேன்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. படத்தில் சங்கீத எண் 118 அல்லது 41 என்று இருந்து, தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பார்த்தால் சம்பந்தமில்லாத வரி வரும். குழம்ப வேண்டாம். லத்தீன் வுல்காத்தா விவிலியத்தில் சங்கீத எண்கள் பெரும்பாலும் நம் எண்ணைவிட ஒன்று குறைவு. அங்கே 41 என்பது இங்கே 42: "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல". அந்தப் படத்தில் சிறுமி மானின் மேலேயே ஏறிப் போகிறாள், தெய்வ அன்பு நீரூற்றாக நிற்கும் இடத்துக்கு. வசனம் தெரியாவிட்டால் அது ஏதோ வேட்டைக் காட்சி.

இந்தப் புத்தகத்தின் பிற்காலக் கதையும் சுவாரசியமானது. கத்தோலிக்கக் குருவின் படங்களை 1635-இல் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் குவார்ல்ஸ் என்ற புராட்டஸ்தாந்துக் கவிஞர் எடுத்துக்கொண்டு, தன் கவிதைகளோடு வெளியிட்டார். பெரும்பாலான படங்கள் அப்படியே. கவிதைகள் முழுக்க வேறு. ஆகவே 'இது கத்தோலிக்கச் சின்னம், இது புராட்டஸ்தாந்துச் சின்னம்' என்று பிரிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். படத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் எழுத்துதான் பல சமயம் கட்சியைக் காட்டிக்கொடுக்கும்.

அகராதி என்று ஒன்று அப்போதே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது: சேசாரே ரிபாவின் 'ஐக்கனோலோஜியா'. 1593-இல் ரோமில் படமில்லாமல் வந்து, 1603-இல் படங்களோடு வந்தது. ஓவியர்கள் மேசையில் இருந்த புத்தகம். அதில் உண்மை என்பவள் கையில் சூரியனை ஏந்திய நிர்வாணப் பெண். மறைக்க அவளிடம் எதுவும் இல்லை. ஆனால் ரிபாவே ஒரு கருத்துக்கு இரண்டு மூன்று உருவம் கொடுப்பார். அதே பொருளை வேறு வேறு பெண்களின் கையில் கொடுப்பார். கண்ணாடி ஒன்று போதும் எடுத்துக்காட்டுக்கு. பாம்போடு சேர்ந்து வந்தால் விவேகம். நகைப்பெட்டியும் சீப்பும் பக்கத்தில் இருந்தால் வீண்பெருமை. மரியாளைச் சுற்றி ரோஜா, கோபுரம், விண்மீன் ஆகியவற்றோடு வந்தால் 'மாசில்லாத கண்ணாடி' அல்லது 'நீதியின் கண்ணாடி'. இந்தக் கடைசி வகையைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் யாரும் விளக்காமலே வாசித்துவிடுவார்கள். மாதா பிரார்த்தனையில் "தாவீது ராஜாவின் உப்பரிகையே", "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வரிகள்தான் அந்தப் படங்கள். 18-ஆம் நூற்றாண்டு நடுவில் ஆக்ஸ்பர்க் நகரில் கிளவ்பர் சகோதரர்கள் அந்த மன்றாட்டை வரிக்கு ஒரு படமாகவே செதுக்கினார்கள். ரிபாவை நான் பயன்படுத்துவது உண்டு. ஆனால் கடைசியில், என் வாசிப்பைச் சரிபார்க்க. முதலில் திறந்தால் கண் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

அடுத்து, கொஞ்சம் தொழில் விஷயம். இது தெரியாமல் நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். செப்புத்தகட்டில் உளியால் செதுக்கி, கோடுகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது இந்த அச்சு. தகட்டில் வலம் இருப்பது தாளில் இடமாகும். நல்ல செதுக்குநர் முன்கூட்டியே திருப்பி வரைவார். ஆனால் ஒருவர் படத்தை இன்னொருவர் நகல் எடுக்கும்போது, தாளில் பார்த்ததை அப்படியே தகட்டில் செதுக்கிவிடுவார். அச்சில் படம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். அப்படி ஒரு நகலில் கிறிஸ்து இடக்கையால் ஆசீர்வதிப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய மறைபொருளைக் கண்டுபிடித்த மாதிரி இரண்டு பக்கம் எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக, "தம்பி, அது காப்பி" என்றார். அன்றிலிருந்து முதல் வேலை, வலமிடம் பார்ப்பது. ஆசீர்வதிக்கும் கை, எழுதும் கை, வாள் பிடிக்கும் கை எல்லாம் இடதாக இருந்தால் நகல் என்று சந்தேகியுங்கள். சிலுவைக் காட்சியில் மனந்திரும்பிய கள்ளன் கிறிஸ்துவின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இறுதித் தீர்ப்பில் மீட்கப்பட்டோரும் அந்தப் பக்கமே.

படத்தின் அடியில் உள்ள பொடி எழுத்துகளையும் விடாதீர்கள். 'இன்வெனிட்' என்றால் கற்பனை செய்து வரைந்தவர், 'பின்க்ஸிட்' என்றால் மூல ஓவியத்தைத் தீட்டியவர், 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் செதுக்கியவர், 'எக்ஸ்குடிட்' என்றால் வெளியிட்டவர். இவற்றைச் சுருக்கி இரண்டு மூன்று எழுத்தாகப் போட்டிருப்பார்கள். ஒரு சின்னத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பெரும்பாலும் செதுக்கியவர் அல்ல. திட்டம் போட்டுக் கொடுத்த குருவோ அறிஞரோதான். 1593-இல் ஆண்ட்வெர்ப்பில் வந்த, நடால் என்ற இயேசு சபைக் குருவின் நற்செய்திப் படங்கள் 153 இருக்கின்றன. அவற்றில் காட்சிக்குள்ளேயே ஏ, பி, சி என்று எழுத்துகள் போட்டு, கீழே ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்துவிட்டார்கள். வாசகர் எந்த வரிசையில் கண்ணை ஓட்ட வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். ஊகத்துக்கு இடமே இல்லை. இவ்வளவு வெளிப்படையாகச் சொல்பவை குறைவு.

சின்னம் ஊர் மாறினால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆண்ட்வெர்ப்பில் பிளாண்டின் அச்சிட்ட பன்மொழி விவிலியம், எட்டுப் பெரிய தொகுதிகள். 1580-இல் இயேசு சபையினர் அதன் பிரதியை அக்பருக்குப் பரிசாகக் கொண்டுவந்தார்கள். அதன் முகப்புப் படங்களில் ஒன்றில் சிங்கம், எருது, ஓநாய், ஆட்டுக்குட்டி சேர்ந்து நிற்கின்றன. ஏசாயா தீர்க்கதரிசியின் சொல். அச்சிட்டவர்களுக்கு அது எல்லா இனங்களும் ஒரே விசுவாசத்தில் சேர்வதன் அடையாளம். ஒரு தலைமுறை கழித்து ஜஹாங்கீரின் ஓவியர் அபுல் ஹசன் வரைந்த படத்தில், ஜஹாங்கீர் பாரசீகத்து ஷா அப்பாஸைத் தழுவி நிற்கிறார். காலடியில் பூகோள உருண்டை. அதன் மேல் ஜஹாங்கீரின் கீழே சிங்கம், ஷாவின் கீழே ஆடு. சிங்கமும் ஆடும் சேர்ந்து படுத்திருப்பது முகலாய அவையில் நீதியான அரசின் சின்னமாகிவிட்டது. 'புலியும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடித்தன' என்று ராஜா கதையில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் படத்தை இன்னொரு முறை பாருங்கள்: சிங்கம் படுத்திருக்கும் இடம் உருண்டையில் பெரிய பகுதி, ஆடு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. சமாதானச் சின்னத்தை வைத்தே எல்லைத் தகராறு பேசியிருக்கிறார்கள். ஏசாயாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் இந்தக் குறும்பு கண்ணில் படாது.

கடைசியாக, நண்பர் கேட்ட 'ஏற்றிச் சொல்வதா' என்ற பாதிக்கு. ஏற்றிச் சொல்வது நடக்கத்தான் செய்கிறது. என் சோதனை எளிது: நான் சொல்லும் பொருளுக்குப் படத்துக்குள்ளேயே இன்னொரு சாட்சி இருக்கிறதா? எழுத்து, வெளிச்சம், பக்கத்துப் பொருள், வசனம், புரவலர், ஏதாவது ஒன்று. இல்லையென்றால் என் வாசிப்பு என்னோடு இருக்கட்டும்.

சாட்சி இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, சின்னமே இல்லாத ஒரு படம். பிரெஞ்சுக்காரர் க்ளோட் மெல்லான் 1649-இல் செதுக்கியது. சிலுவை சுமந்து போன கிறிஸ்துவின் முகத்தைத் துடைக்க வெரோனிகா என்ற பெண் கொடுத்த துணியில் அவர் முகம் பதிந்த காட்சி. முள்முடி, ரத்தத் துளி, துணி, அவ்வளவுதான். மண்டையோடு இல்லை, மயில் இல்லை. ஆனால் அந்த முகம் முழுக்க ஒரே ஒரு கோடு. மூக்கு நுனியில் தொடங்கி, எங்கும் அறுபடாமல், சுருள் சுருளாகச் சுற்றி விளிம்புவரை போகிறது. கோடு தடிக்கும் இடத்தில் நிழல், மெலியும் இடத்தில் வெளிச்சம். கண், தாடி, கண்ணீர் எல்லாம் அந்தத் தடிப்பிலும் மெலிவிலும் வருகின்றன. இதைப் பார்த்துவிட்டு 'ஒரே கோடு என்றால் ஒரே கடவுள்' என்று நான் சொன்னால் ஏற்றிச் சொல்வதாக நினைப்பீர்கள். ஆனால் துணியின் அடியில் எழுதியிருக்கிறார்: 'ஃபொர்மாத்துர் ஊனிகுஸ் ஊனா'. ஒப்பற்ற ஒருவன் ஒருத்தியால், அல்லது ஒன்றால், உருவாகிறான். லத்தீனில் 'ஊனிகுஸ்' ஆண்பால், 'ஊனா' பெண்பால். கோடு என்ற சொல்லும் லத்தீனில் பெண்பால். கன்னி என்ற சொல்லும் பெண்பால். ஒரே கோட்டால் உருவான முகம், ஒரே கன்னியிடம் உருவான ஒரே மகன். கீழே இன்னும் இரண்டு சொல்: 'நோன் ஆல்தெர்', வேறொருவன் இல்லை. கிறிஸ்துவுக்கு நிகர் இல்லை என்றும் எடுக்கலாம். என்னைப் போல் இதைச் செய்ய வேறு ஆள் இல்லை என்று மெல்லான் மார்தட்டுவதாகவும் எடுக்கலாம். நான் இரண்டையும் நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. வெரோனிகாவின் துணி முகத்தை ஒற்றி எடுத்தது. ஈரமான துணி, அழுத்தம், பதிவு. செப்புத்தகட்டு அச்சும் அதேதான்: ஈரத்தாள், அழுத்தம், பதிவு. தன் தொழிலின் ஆதிக்கதையையே அவர் படமாக்கியிருக்கிறார். பெரிய அருங்காட்சியகங்கள் சில இந்தப் படத்தை உயர்தரத்தில் இலவசமாகத் தருகின்றன. திரை கொள்ளும் அளவு பெரிதாக்கி, மூக்கு நுனியிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இடது கண்ணுக்கு வருவதற்குள் நான் இரண்டு முறை வழி தவறியிருக்கிறேன்.